வேகத்தின் பிறந்த வீடு – 17: பெல்ட்டும் ஒயரும் துருவும்

மோடெனாவிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர் போனால் மாரனெல்லோ வரும், அங்கே ஃபெராரி. கிழக்கே பொலோனியா போகும் வழியில் சற்று விலகினால் சான்ட்அகாட்டா பொலொனேசே என்ற சிற்றூர், அங்கே லம்போர்கினி. எங்கும் போகாமல் மோடெனா நகருக்குள்ளேயே சிரோ மெனோட்டி சாலையில் இருப்பது மசெராட்டி. உலகத்தின் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பங்கு இந்தச் சின்ன வட்டாரத்தில் பிறந்தது. வார்ப்படம் ஊற்றியவர்களும், தகடு தட்டியவர்களும், என்ஜின் வரைந்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். இன்று இந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர் நாளை அடுத்த பட்டறைக்குப் போனார்.

பந்தயங்களில் இவர்கள் ஒருவரை ஒருவர் துரத்திய கதையை இதுவரை பார்த்தோம். இந்த அத்தியாயம், காரை விலை கொடுத்து வாங்கியவர் அதை வீட்டுக்கு ஓட்டிப் போன பிறகு நடந்ததைப் பற்றியது. எது காலையில் ஸ்டார்ட் ஆனது, எது நடுவழியில் நின்றது, எது துருப்பிடித்தது, எது தீப்பிடித்தது? ஒரே மண்ணில் ஒரே கைகள் செய்த கார்களின் தரம் இத்தனை தூரம் வேறுபட்டது ஏன்? பொறியாளர்களின் திறமையில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. மூன்று இடங்களிலும் மேதைகள் இருந்தார்கள். காரைச் சோதித்துப் பார்க்கவும், கண்ணில் படாத சின்ன பாகங்களுக்குச் செலவழிக்கவும் முதலாளியிடம் பணமும் பொறுமையும் இருந்த காலத்தில் கார் நன்றாக இருந்தது. இல்லாத காலத்தில் கெட்டது. அறுபது ஆண்டுக் கதையும் இதற்குள் அடங்கும்.

முதலில் கிளட்ச் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபெருச்சோ லம்போர்கினி 1916இல் ரெனாட்சோ என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ரோட்ஸ் தீவில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்தார். போர் முடிந்ததும், ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களை வாங்கி டிராக்டர் செய்யத் தொடங்கினார். பணம் சேர்ந்தது, ஃபெராரி கார்கள் வாங்கினார். அவற்றின் கிளட்ச் அடிக்கடி தேய்ந்துபோனது. மாரனெல்லோவுக்குக் கொண்டுபோவதும் சரிசெய்து வாங்கிவருவதுமாக அலுத்துப்போய், ஒருநாள் தம் டிராக்டர் ஆலையிலேயே பிரித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருந்தது தாம் டிராக்டருக்கு வாங்கும் அதே வகைக் கிளட்ச் என்று தெரிந்தது. இதை என்ஸோ ஃபெராரியிடம் சொன்னபோது, டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு ஃபெராரி ஓட்டத் தெரியாது என்கிற ரீதியில் பதில் வந்ததாம். ஃபெருச்சோ பிற்காலத்தில் பேட்டிகளில் தாமே சொன்ன கதை இது. சொல்லச் சொல்ல மெருகேறியும் இருக்கலாம். ஆனால் அந்தக் குறை உண்மையானது. அன்று ஃபெராரி வைத்திருந்த பலருக்கும் பழக்கமானது.

என்ஸோவுக்குச் சாலைக் கார் என்பது பந்தயச் செலவுக்குப் பணம் தரும் வழி. 1960களில் ஃபெராரி ஆண்டுக்கு ஆயிரம் கார்களைக்கூடத் தொடவில்லை. என்ஜினில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. ஜொவாக்கீனோ கொலொம்போ 1947இல் 1.5 லிட்டரில் தொடங்கிய வி12 என்ஜினின் வாரிசுகள் 1980களின் இறுதிவரை, ஏறக்குறைய 5 லிட்டர் வரை வளர்ந்து, தொடர்ந்து தயாரிக்கப்பட்டன. அடித்தளம் பிசகியிருந்தால் ஒரு வடிவமைப்பு நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்காது. ஆனால் அந்த என்ஜினைச் சுற்றியிருந்தவை வேறு மாதிரி. தகட்டைக் கையால் தட்டிச் செய்ததால் ஒரே மாடலில் இரண்டு கார்களின் கதவை மாற்றி மாட்ட முடியாது. ஒயர்கள் போன வழி காருக்குக் கார் மாறும். ரசிகர்கள் இதைக் கைவினையின் அழகு என்பார்கள். பழுதுபார்க்கும் மெக்கானிக்குக் கிடைத்ததோ தலைவலி.

அந்தக் காலத்தில், 1960களின் தொடக்கத்தில், மூவரில் மிக நன்றாகக் கட்டப்பட்ட கார் எது என்று கேட்டால் நான் மசெராட்டி என்பேன். பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஏனென்றால் பின்னால் அந்தப் பெயர் அடைந்த கதி வேறு. 1957 முடிவில் மசெராட்டி தொழிற்சாலைப் பந்தயங்களிலிருந்து விலகியது. கடன் கழுத்தை நெரித்தது. இனி பிழைப்பு சாலைக் காரில்தான் என்ற நிலை. தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரி, பந்தய என்ஜினிலிருந்து பிறந்த 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொண்டார். மற்றவற்றுக்கு, எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்ற வீம்பு அவரிடம் இல்லை. கியர்பாக்ஸை ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடமும், பிரேக்கை இங்கிலாந்தின் கெர்லிங்கிடமும், பின் அச்சை சால்ஸ்பரியிடமும் வாங்கினார். தங்கள் தொழிலில் தேர்ந்த கம்பெனிகள், ஆயிரக்கணக்கில் செய்து சோதித்த பாகங்கள். அப்படிப் பிறந்த 3500 ஜிடி 1964 வரை 2,200க்கு மேல் விற்றது. அதுவரை மசெராட்டி கனவில்கூடக் காணாத எண்ணிக்கை அது.

அதே காரில் ஒரு பாடமும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கார்புரேட்டருக்குப் பதிலாக லூகாஸ் ஃபியூயல் இஞ்ஜெக்ஷனைப் பொருத்தி விற்றார்கள். இத்தாலியில் சாலைக் காருக்கு அது முதல்முறை. காகிதத்தில் பெரிய முன்னேற்றம். நடைமுறையில், அதை டியூன் செய்யத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. பிறகு பல உரிமையாளர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெபர் கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள். பாகம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்துக்கொள்ளும் கை அருகில் இருக்க வேண்டும்.

லம்போர்கினி 1963இல் ஆலை தொடங்கியபோது, ஃபெராரியிலிருந்து வெளியேறியிருந்த ஜொட்டோ பிட்சாரினியை வைத்து 3.5 லிட்டர் வி12 என்ஜின் செய்யவைத்தார். நான்கு கேம் ஷாஃப்ட். ஃபெராரியின் சாலை வி12 கார்களில் அன்று இரண்டுதான். பிட்சாரினி தந்தது பந்தய என்ஜின். அதிவேகச் சுழற்சியில் உயிர்பெறும். அன்றாட ஓட்டத்துக்குக் கடினமானது. ஃபெருச்சோவோ டிராக்டர்க்காரர். விவசாயி காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஜான் பவுலோ டல்லாரா என்ற இளைஞரிடம் அந்த என்ஜினை ஒப்படைத்து, அதைச் சாந்தப்படுத்தச் சொன்னார். டல்லாரா குதிரைத்திறனைக் குறைத்தார், கார்புரேட்டர்களை மாற்றினார், எண்ணெய் அமைப்பை எளிமையாக்கினார். 1964இல் 350 ஜிடி வெளிவந்தது. அடுத்து வந்த 400 ஜிடியில் கியர்பாக்ஸும் சொந்தத் தயாரிப்பு. ரிவர்ஸ் கியருக்குக்கூட சின்க்ரோ வைத்திருந்தார்கள்.

டல்லாரா சாந்தப்படுத்திய அந்த என்ஜினின் வம்சம் 3.5 லிட்டரிலிருந்து 6.5 லிட்டர் வரை வளர்ந்து, 2010இல் முர்சியலாகோ மாடல் நிற்கும்வரை ஓடியது. சக்தியை விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கிய முடிவு அது. இந்தத் தொடரில் வரும் எத்தனையோ வெற்றிகளைவிட இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே டல்லாரா, அதே ஆலை. இரண்டே ஆண்டுகளில் மியூரா.

1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் வெறும் சேஸிஸை மட்டும் வைத்தார்கள். என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், குறுக்குவாட்டில். பார்த்தவர்கள் அங்கேயே பணம் கட்டத் தயாரானார்கள். 1966 மார்ச்சில் ஜெனீவாவில் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி வரைந்த உடலோடு முழுக் கார் வந்தது. டல்லாரா, பவுலோ ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநரான நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், காந்தினி என்று அத்தனை பேரும் முப்பதை எட்டாதவர்கள். உலகம் அதுவரை பார்த்ததிலேயே அழகான கார் என்று அதைச் சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு கார் ஆர்டர் குவிந்த பிறகு சோதனைக்கு உட்படுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மியூராதான் உதாரணம்.

இடத்தை மிச்சப்படுத்த, பிரிட்டனின் மினி காரைப் பார்த்து, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்படத்துக்குள் அடக்கினார் டல்லாரா. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கியர் தேயும்போது உதிரும் இரும்புத் துகள் அந்த எண்ணெயோடு என்ஜின் பேரிங்குக்குப் போகும். சின்ன மினி காரில் தாங்கிய ஏற்பாடு, பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினில் ஆபத்தானது. கடைசியில் வந்த எஸ்வி மாடல்களின் பிற்பகுதியில்தான் இரண்டு எண்ணெயையும் பிரித்தார்கள். கார்புரேட்டர்கள் பந்தயத்துக்குச் செய்யப்பட்டவை. சிக்னலில் நிற்கும்போது, மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் மேலே ததும்பி நிற்கும். திடீரென ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தீப்பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும். மியூராக்கள் இப்படி எரிந்திருக்கின்றன. பெட்ரோல் டேங்க் முன்பக்கம். பெட்ரோல் தீரத் தீர மூக்கு லேசாகி, அதிவேகத்தில் முன்பக்கம் மேலெழும். முதல் கார்களின் சேஸிஸ் தகடு 0.9 மில்லிமீட்டர், வளைகிறது என்று தெரிந்ததும் 1 மில்லிமீட்டராக்கினார்கள்.

இவை ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடிய குறைகள். தீர்க்கவும் பட்டன. ஆனால் தீர்ந்தது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஓட்டிப் பார்த்த பிறகு. 1966லிருந்து எஸ்வி வருவதற்கு 1971 ஆயிற்று. முதல் கார் வாங்கியவருக்கும் கடைசிக் கார் வாங்கியவருக்கும் கிடைத்தவை பெயரில் மட்டுமே ஒன்று. வாலஸ் ஒருவர்தான் இரவும் பகலுமாக நெடுஞ்சாலைகளில் ஓட்டி, குறைகளை எழுதி, மறுநாள் பட்டறையில் சரிசெய்தவர். அந்த ஆலையின் சோதனைப் பிரிவு பெரும்பாலும் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1970கள் மூவருக்கும் கெட்ட காலம். 1969 இலையுதிர்காலத்தில் வட இத்தாலியத் தொழிற்சாலைகள் எங்கும் வேலைநிறுத்தம். 1973இல் பெட்ரோல் நெருக்கடி. லம்போர்கினியின் டிராக்டர் தொழில் ஆட்டம் கண்டது. ஃபெருச்சோ 1972இல் கார் நிறுவனத்தின் பெரும்பங்கையும் 1974இல் மிச்சத்தையும் சுவிஸ்காரர் இருவருக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். கவுன்டாச் 1971இல் காட்டப்பட்டபோது 5 லிட்டர் என்ஜின் என்றார்கள். சோதனையில் அது உடைந்தது. விற்பனைக்கு வந்தது 4 லிட்டர். முதல் வடிவத்தில் என்ஜினுக்குக் காற்றுப் போதாமல் சூடேறியதால், பக்கவாட்டில் பெரிய காற்றுத் துவாரங்களை வெட்டினார்கள். இன்று அந்தத் துவாரங்களைத்தான் கவுன்டாச்சின் அடையாளம் என்று போஸ்டரில் ரசிக்கிறோம். பிஎம்டபிள்யூ தன் எம்1 காரைச் செய்துதர லம்போர்கினியிடம் ஒப்பந்தம் போட்டது. ஆலையில் பணமில்லாமல் வேலை நகராததால் 1978இல் ஜெர்மானியர்கள் அதை முறித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு லம்போர்கினி திவாலானது.

ஃபெராரியைக் காப்பாற்றியது ஃபியட். 1969இல் ஃபியட் பாதிப் பங்கை வாங்கியது. பந்தயம் என்ஸோ கையில், சாலைக் கார்கள் ஃபியட் கையில். பணம் வந்தது, ஒழுங்கு வந்தது, உற்பத்தி பெருகியது. ஃபியட்டின் பழக்கம் ஒன்றும் கூடவே வந்தது: டைமிங் பெல்ட். அதுவரை ஃபெராரி என்ஜின்களில் கேம் ஷாஃப்டைச் சுழற்றியது இரும்புச் சங்கிலி. 1973 முதல் புதிய என்ஜின்களில் ரப்பர் பெல்ட் வந்தது. சத்தம் குறைவு, செலவு குறைவு. ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜினே போய்விடும்.

308 மாடலில் இடுக்கில் கைவிட்டாவது பெல்ட்டை மாற்றலாம். 1984இல் வந்த டெஸ்டரோஸாவிலும், 1989இல் வந்த 348இலும், 1994இன் எஃப்355இலும் அதற்கு என்ஜினை இறக்க வேண்டும். என்ஜினை இறக்கணும் என்ற வார்த்தையை மெக்கானிக் சொன்னால் நம் ஊரில் லாரி முதலாளிக்கே வயிற்றைக் கலக்கும். இங்கே எந்தப் பழுதும் இல்லாமல், வழக்கமான சர்வீஸுக்காக, பின்பக்கச் சட்டத்தோடு மொத்த என்ஜினையும் கீழே இறக்கி, பெல்ட்டை மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். ஃபெராரிக்குச் செலவு அதிகம் என்ற பெயர் பெரிதும் இங்கிருந்து வந்தது. கார் கெட்டுப்போனதால் வந்த செலவைவிட, கெடாமல் பார்த்துக்கொள்ள ஆன செலவு அதிகம். வடிவமைத்தவர்கள் மெக்கானிக்கின் கையை நினைத்துப் பார்க்கவில்லை. இதை நான் ஒரு குற்றமாகவே கருதுகிறேன்.

துருவையும் சொல்ல வேண்டும். 1975இல் வந்த முதல் 308 ஜிடிபிக்கு உடல் ஃபைபர் கிளாஸ். அப்படி 712 கார்கள் செய்தார்கள். பிறகு இரும்புத் தகட்டுக்கு மாறியதும் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் துரு ஏறியது. அதற்கு முந்தைய டினோ 246இன் நிலை இன்னும் மோசம். இன்று ஏலத்தில் கோடிகளைத் தொடும் டினோக்களில் பல, தகடு முழுக்க வெட்டி மாற்றி டிங்கரிங் பார்க்கப்பட்டவை.

மசெராட்டியின் வீழ்ச்சிக்கு வருகிறேன். 1968இல் பிரான்ஸின் சிட்ரோயென் வாங்கியது. 1971இல் போரா, 1972இல் மெராக். சிட்ரோயெனின் ஹைட்ராலிக் அமைப்பு இவற்றின் பிரேக்கில் வேலை செய்தது. திறமையான அமைப்பு, சிட்ரோயென் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் தொடப் பயந்தார்கள். 1975இல் சிட்ரோயென் கைகழுவியது. இத்தாலிய அரசு நிதியோடு அலெஹாண்ட்ரோ டி தொமாசோ பொறுப்பேற்றார். ஆண்டுக்குச் சில நூறு கார் விற்ற நிறுவனத்தை ஆயிரக்கணக்கில் விற்கவைக்க நினைத்தார். 1981 டிசம்பர் 14இல் பைடர்போ அறிமுகமானது. 2 லிட்டருக்கு மேற்பட்ட என்ஜின்களுக்கு இத்தாலியில் வரி இரு மடங்கு. அதனால் 2 லிட்டர் வி6, சக்திக்கு இரண்டு டர்போ. ஒரு சாலைக் காரில் இரட்டை டர்போ உலகில் அதுவே முதல்முறை. விலையும் எட்டக்கூடியது. யோசனையில் ஒரு பிழையும் இல்லை.

பிழை அவசரத்தில் இருந்தது. இரண்டு டர்போ அழுத்தும் காற்றை ஒரு சாதாரண கார்புரேட்டர் வழியாகச் செலுத்தினார்கள். என்ஜின் அறைக்குள் வெப்பம் தேங்கியது. வேகமாக ஓட்டிவிட்டு உடனே என்ஜினை அணைத்தால், டர்போவின் பேரிங்கில் நின்ற எண்ணெய் கருகிக் கெட்டியாகும், டர்போ போய்விடும். சில நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பதை வாங்கியவர்களில் பலர் அறியவில்லை. ஃபியூஸ் பெட்டி சூடேறி உருகியது, ஒயர்கள் கெட்டன, தகட்டில் துரு ஏறியது. 1984இல் அமெரிக்காவுக்குப் போன கார்கள் பெயரை அடியோடு கெடுத்தன, தீப்பிடித்தவையும் உண்டு. பின்னாளில் எலக்ட்ரானிக் இஞ்ஜெக்ஷன், நீரால் குளிரூட்டும் டர்போ என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். 1980களின் இறுதியில் வந்த அதே குடும்பத்துக் கார்கள் கணிசமாக நல்லவை. ஆனால் வாடிக்கையாளர் போய்விட்டார். 1990களின் தொடக்கத்தில் மசெராட்டி அமெரிக்காவிலிருந்து விலகியது. அமெரிக்காவின் டைம் இதழ் 2007இல் வெளியிட்ட எக்காலத்துக்குமான 50 மோசமான கார்களின் பட்டியலில் 1984 பைடர்போ இடம்பெற்றது. அல்ஃபியேரி 3500 ஜிடியைக் கட்டிய நிறுவனம் அது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மூவருக்கும் விழிப்பு வந்தது இத்தாலிக்கு வெளியிலிருந்து. 1990இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வெளிவந்தது. முழுக்க அலுமினிய உடல், நடுவில் 3 லிட்டர் வி6 என்ஜின், 348ஐவிடக் குறைந்த விலை. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டலாம். கதவு சத்தமில்லாமல் மூடும். குளிர்சாதனம் வேலை செய்யும். ஹோண்டா சிவிக் போலவே காலையில் ஸ்டார்ட் ஆகும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கொஞ்சம் அவதிப்படத்தான் வேண்டும் என்று நாற்பது ஆண்டாகச் சொல்லிவந்த சமாதானத்தை அந்த ஒரு கார் பொய்யாக்கியது. 1991இல் ஃபெராரித் தலைவராக வந்த லூக்கா டி மொன்டெசெமோலோ, 348இல் தமக்குத் திருப்தியில்லை என்பதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். எஃப்355 அந்த அதிருப்தியில் பிறந்தது. ஓட்டுவதற்கு அற்புதமானது, ஆனாலும் வால்வு கைடு சீக்கிரம் தேய்ந்தது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டது. 1999இன் 360 மோடெனாவில்தான் உண்மையான மாற்றம் தெரிந்தது. அலுமினியச் சேஸிஸ், இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து, என்ஜினை இறக்காமலேயே பெல்ட்டை மாற்ற வழி. 2004இன் எஃப்430இல் பெல்ட்டே ஒழிந்து சங்கிலி திரும்பியது. முப்பது ஆண்டுச் சுற்று!

மசெராட்டிக்கு விடிவு, யாரும் எதிர்பாராத விதமாக, பரம வைரியிடமிருந்து. 1993இல் ஃபியட் முழுவதுமாக வாங்கியிருந்த நிறுவனத்தில் 1997இல் பாதியை ஃபெராரியிடம் ஒப்படைத்தது, 1999இல் முழுவதையும். மோடெனா ஆலையை மூடி, பழைய இயந்திரங்களை அகற்றி, புதிதாக அமைத்தார்கள். சில ஆண்டுகளில் மசெராட்டியின் வி8 என்ஜின் மாரனெல்லோவில் செய்யப்பட்டது. 2007இல் வந்த கிரான்டூரிஸ்மோவின் உடல்கள் பெயின்ட் அடிக்க மாரனெல்லோவுக்குப் போய்வந்தன.

லம்போர்கினிக்கு இடையில் பல முதலாளிகள் மாறினார்கள். 1998இல் ஜெர்மனியின் ஆடி வந்தது. 1990 முதல் 2001 வரை மொத்தமாக விற்ற டியாப்லோ சுமார் 2,900. 2003இல் ஆடியின் மேற்பார்வையில் வந்த கல்லார்டோ பத்தாண்டில் 14,022. அலுமினிய உடல் ஜெர்மனியில் தயாராகி வந்தது. ஸ்விட்ச், ஒயரிங், குளிர்சாதனம் ஆகியவை ஆடி கார்களில் லட்சக்கணக்கில் ஓடிச் சோதிக்கப்பட்ட பாகங்கள். உள்ளே ஆடியின் ரேடியோ இருக்கிறதே என்று சில ரசிகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அல்ஃபியேரி 3500 ஜிடியில் செய்ததும் இதுதானே? தேர்ந்தவர் செய்த பாகத்தை வாங்கிப் போடுவதில் அவமானம் ஏதும் இல்லை.

இருந்தும் ஒரு நோய் மூவருக்கும் பொதுவாக இருந்தது. அந்த ஆண்டுகளில் கிளட்ச் மிதியே இல்லாமல் விசையால் கியர் மாற்றும் அமைப்பு வந்தது. ஃபெராரி எஃப்1 என்றது, மசெராட்டி காம்பியோகோர்ஸா என்றது, லம்போர்கினி இ-கியர் என்றது. மூன்றையும் செய்தது மாக்னெட்டி மரெல்லி. நெரிசலில் ஊர்ந்தாலும், மேட்டில் பின்னால் எடுத்தாலும் மூன்றிலும் கிளட்ச் வேகமாகத் தேய்ந்தது. எந்த பிராண்டு உறுதியானது என்று வாதிடுபவர்கள், பெயர்ப்பலகைக்குப் பின்னால் பாகம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்றைய கார்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2010இல் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் சில தீப்பிடித்தன. காரணம், சக்கர வளைவின் உள்மூடியை ஒட்டிய பசை வெப்பத்தில் பற்றியது. 1,248 கார்களைத் திரும்பப் பெற்று, பசைக்குப் பதில் உலோகப் பிடிப்புகளை மாட்டினார்கள். 2017இல் லம்போர்கினி, பெட்ரோல் ஆவி பற்றும் அபாயத்தால் அவென்டடோர் கார்களைத் திரும்ப அழைத்தது. 2022இல் ஃபெராரி, 2005 முதல் அமெரிக்காவில் விற்ற 23,555 கார்களைத் திரும்ப அழைத்தது. பிரேக் எண்ணெய்ப் பாத்திரத்தின் மூடி சரியாகக் காற்றை விடாமல் போகலாம் என்பதற்காக. பசையும் மூடியும்தான், என்ஜின் உடையவில்லை. இவற்றை நான் அவமானமாகப் பார்க்கவில்லை. 1967இல் மியூரா எரிந்தபோது யாரும் மற்ற வாடிக்கையாளர்களை அழைத்துச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறார்கள், இலவசமாக மாற்றித் தருகிறார்கள். 2011 முதல் ஃபெராரி, புதிய கார்களுக்கு ஏழு ஆண்டு வழக்கமான சர்வீஸைக் காரின் விலைக்குள்ளேயே சேர்த்துத் தருகிறது. பெல்ட் மாற்ற என்ஜினை இறக்கிய நிறுவனத்திடமிருந்து இப்படி ஓர் அறிவிப்பு வரும் என்று 1989இல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றையும் ஒப்பிட்டு என் முடிவைச் சொல்ல வேண்டும் என்றால் காலம் பிரித்தே சொல்வேன். 1960களின் முற்பகுதியில் மசெராட்டி. 1980களில் ஃபெராரி, குறிப்பாக, 1985இல் வந்து, குறுக்கு என்ஜினும் எளிய சர்வீஸும் கொண்ட 328. 2003க்குப் பிறகான பத்தாண்டில் லம்போர்கினி. மூன்றிலும் மோசமானது, சந்தேகமில்லாமல், முதல் சில ஆண்டுகளின் பைடர்போ.

பழைய இத்தாலியக் கார் ஒன்றை வாங்கும் வசதியும் ஆசையும் வாசகர் யாருக்கேனும் இருந்தால், கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து மயங்கிவிடாதீர்கள். வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற காரில் ரப்பர் காயும், சீல் வெடிக்கும், பெல்ட் இறுகும். சர்வீஸ் ரசீதுகள் முழுவதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட் கடைசியாக எந்த ஆண்டு மாறியது என்று பாருங்கள். ரசீது இல்லாத காரை, அது எந்தச் சின்னத்தைத் தாங்கியிருந்தாலும், வாங்காதீர்கள்.

(தொடரும்)